தொண்ணூறு கடந்தாரின் உடலும் அறிவும்

தோற்றுவாய்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி முதற்கண் நிற்கும் நிலையம் 'தாம்பரம் சானடோரியம்' என்பது. நாள்தோறும் அப்பெயரைக் கேட்கும் நம்மனோருள் அதன் வரலாற்றை எண்ணுவார் சிலரே. 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து என்பார் காசநோயாளர்க்கென ஈண்டு ஓர் உறைவிடம் நிறுவினார். 1937-இல் அரசினர் அதனை ஏற்றுக்கொண்டனர். நம் கல்லூரி பட்டணத்தை விட்டு இவ்வூர்க்குப் பெயர்ந்ததும் அவ்வாண்டிலேயாம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியக் குழந்தை ஒன்றன் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. குழவிப் பருவத்தே மடிந்தோர் மிகுதியாதலின் அவ்வெண் அத்துணைச் சிறிதாயிற்று. இன்று அஃது எழுபதை எட்டியுள்ளது. 2011-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதின்மர்க்குச் சற்று மிகுதியானோர் அறுபது கடந்தவர். இளமையில் இறப்பாரைக் காக்க எழுந்த ஊரில், இன்று நெடிது வாழ்வாரைப் பேணுவது எங்ஙனம் என்னும் வினா வீடுதோறும் எழுந்துள்ளது.

எம் இல்லத்திலும் அவ்வினா எழுந்தது. சேலையூரில் எம்முடன் வாழும் என் கொள்ளுப்பாட்டியார் தொண்ணூற்றைந்து கடந்தவர். சென்ற ஐப்பசி மழையின்போது ஒருநாள் மாலை அவர் தம் மகனை, அஃதாவது என் பாட்டனாரை, தம் தமையனார் என எண்ணி அழைத்தார். எங்கும் இல்லாத ஆடுகளை மழையில் நனையாவண்ணம் கொட்டிலிற் கட்டுமாறு பணித்தார். "வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது, இனி இப்படித்தான்" என்று வீட்டிலுள்ளோர் கூறினர். யானும் அவ்வாறே எண்ணினேன். அவ்வெண்ணம் தவறாயிற்று என்பதைப் பின்னர்க் கூறுவேன். அத்தவற்றினின்றும் பிறந்ததே இக்கட்டுரை. மிக்க முதுமையில் உடலும் அறிவும் எங்ஙனம் இயங்குகின்றன? அவற்றுட் சிதைவன எவை, நிற்பன எவை? மூப்பின் செயல் எது, நோயின் செயல் எது? இவற்றை ஒருவாறு ஆராய்வாம்.

ஆண்டினைத் தெளிதல்

முதற்கண் ஓர் எச்சரிக்கை வேண்டும். நூறு கடந்தார் என்று சொல்லப்படுவோர் அனைவரும் நூறு கடந்தவரல்லர். நம் நாட்டில் பிறப்பு இறப்புகளைப் பதிவதற்கான பொதுச் சட்டம் 1969-இல் தான் இயற்றப்பட்டது. அதற்கு முற்பிறந்தோர் பலர் தம் வயதைப் பஞ்சம், புயல், போர் ஆகியவற்றைக் கொண்டே கணித்தனர். என் கொள்ளுப்பாட்டியார் ஜப்பானியர் குண்டு வீசுவர் என்னும் அச்சத்தால் 1942-இல் மக்கள் சென்னையை விட்டு நீங்கிய காலத்தையே தம் கணக்கிற்கு அடிப்படையாகக் கொண்டவர். "நூற்றுக்கு இரண்டு குறைவு" என்பது அவர் கூற்று. திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தபோது, அக்கணக்கில் இரண்டாண்டு மிகையெனத் தெரிந்தது. அதனை அவரிடம் கூறியபோது, எழுதியவர் தவறாக எழுதினார் என்று முடிவு கட்டினார்.

பஞ்சாபிற் பிறந்த பௌஜா சிங் என்பார் 2011-இல் கனடாவின் டொராண்டோ நகரில் மாரத்தான் ஓட்டத்தை ஓடி முடித்தார். அவர்தம் கடவுச்சீட்டின்படி அப்பொழுது அவர்க்கு வயது நூறு. ஆயினும் பிறப்புச் சான்று இன்மையால் கின்னஸ் நூலார் அதனை ஏற்கவில்லை. அவர் 2025-ஆம் ஆண்டு சூலையில் தம் ஊர்ச் சாலையில் ஊர்தி மோதி இறந்தார். வயது ஐயத்திற்குரியதாயினும், அவ்வோட்டம் ஐயத்திற்குரியதன்று. இதற்கு மாறாக, பிரான்சு நாட்டு ஆர்ல் நகரத்து ழான் கல்மான் என்னும் அம்மையார் 1875-இல் பிறந்து 1997-இல் மறைந்தார். 122 ஆண்டும் 164 நாளும் வாழ்ந்தவர் எனப் பதிவேடுகளால் ஏற்கப்பட்டவர். இத்துணை நெடிது வாழ்ந்தார் பிறர் இலர்.

நூறு கடந்தார் தொகை இக்காலத்தே விரைந்து பெருகுகின்றது. ஜப்பானில் 1963-இல் அத்தகையோர் 153 பேரே; 2024-இல் அவர் தொகை 95,119. ஆகவே இஃது ஓர் அரிய காட்சி பற்றிய வியப்புரையன்று. நம்முட் பலர் தம் பெற்றோரிடத்தும் தம்மிடத்தும் காணவிருக்கும் நிலை பற்றியது.

உடலின் நிலை

புறநானூற்றில், இளமையில் ஆழ்நீரிற் பாய்ந்து ஆடியதை நினைந்து, கோலூன்றித் தளரும் தம் முதுமைக்கு இரங்கிய புலவர் ஒருவர் உளர். அக்கோலைக் குறித்த தொடரே அவர் பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்குகின்றது. அவர் கண்ட தளர்ச்சியின் காரணங்களை இன்று நாம் ஓரளவு அறிவோம்.

நடுவயது முதல் தசையின் அளவும் வலியும் சிறிது சிறிதாகக் குறைகின்றன. அக்குறைவு கால்களில் மிகுதி. எலும்பு அடர்த்தி இழக்கின்றது. ஓடும்போது நெஞ்சு துடிக்கக்கூடிய உச்சவேகம் தாழ்கின்றது. சிறுநீரகம் குருதியை வடிகட்டும் ஆற்றல் குறைதலின் உண்ட மருந்து உடலில் நெடுநேரம் தங்குகின்றது. நீர் வேட்கை உணர்ச்சி மழுங்குதலின், உடல் வறண்டபோதும் நீர் வேண்டுமெனத் தோன்றுவதில்லை. கண்ணின் வில்லை கலங்கிப் புரையாகின்றது. செவி உயர்ந்த ஒலிகளை முன்னர் இழக்கின்றது. அதனால் மெய்யெழுத்துக்கள் தெளிவாகக் கேளா. பேசுகின்றனர் என்பது கேட்கும். பேசுவது இன்னதென்பது விளங்காது.

இவையனைத்தையும் ஓர் உவமையால் விளக்கலாம். நம் பக்கத்து ஏரிகளுட் சில தூர்ந்து கிடக்கின்றன. நல்ல மழை பெய்த ஆண்டில் அவற்றில் நீர் நிறைந்தே தோன்றும். அன்றாடத் தேவைக்குக் குறைவிராது. ஒரு பருவம் மழை பொய்த்தாலோ, ஆழமுள்ள ஏரி தாங்குவதைத் தூர்ந்த ஏரி தாங்காது. தொண்ணூறு கடந்தாரின் உடலும் அத்தகையதே. நாள்தோறும் எழுந்து நடமாடுதற்கு அது போதும். சேமிப்பு மட்டும் குறைவு. இளைஞன் மூன்று நாட் காய்ச்சலில் மூன்று நாளை மட்டுமே இழக்கின்றான். முதியவர் அம்மூன்று நாள் படுக்கையில் நடையையே இழக்கக்கூடும். கல்மான் அம்மையார் நூறு வயது வரை மிதிவண்டி ஊர்ந்தவர். 1990-இல், நூற்றுப்பதினைந்தாம் பிறந்த நாளுக்குச் சற்று முன்னர், விழுந்து தொடை எலும்பு முறிந்தார். அவர் நடையை முடித்தது ஆண்டின் மிகுதியன்று, ஒரு வீழ்ச்சியே.

தூர்ந்த ஏரியைச் சிறிது தூர்வாரவும் இயலும் என்பதே வியப்பு. 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர், முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, 86 முதல் 96 வயது வரையிலான பதின்மர்க்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி அளித்த செய்தியை வெளியிட்டனர். பயிற்சியை நிறைவு செய்தோரின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு மிகுந்தது. பிரான்சின் ரொபேர் மர்ஷான் என்பார் நூறு கடந்தபின், 2012-இல், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டர்க்குச் சற்று மிகுதியாக மிதிவண்டி ஊர்ந்தார். முறையாகப் பயின்று 2014-இல் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் ஊர்ந்தார். அவ்விடைக்காலத்தில் அவர் உடல் உயிர்வளியைப் பயன்கொள்ளும் ஆற்றலும் வளர்ந்ததென அளந்து கண்டனர். நூறு வயதிலும் தசை பயிற்சிக்கு மறுமொழி கூறுகின்றது.

நம் நாட்டிலும் சான்றில்லாமல் இல்லை. மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டிப் பாப்பம்மாள், நூற்றைந்து வயதினர் எனக் குறிக்கப்பட்டு, இயற்கை வேளாண்மைக்காக 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். 2024-இல் மறையும் வரை அவர் நிலத்தொடு கொண்ட உறவு அற்றதில்லை. அவர்க்கு வயலே பயிற்சிக்கூடமாயிருந்தது. ஆயினும் இத்தகையோரைக் காட்டி, "நீரும் இவ்வாறு இருந்திருக்கலாமே" என்று படுக்கையிலுள்ள முதியவரை நாம் குறைகூறலாகாது. பிறப்பின் வழிவந்த கூறும், வறுமையும், பழைய நோயும், நற்பேறும் இதிற் கலந்துள்ளன.

அறிவின் நிலை

அறிவு என்பது ஒரே ஆற்றலன்று. பல ஆற்றல்களின் தொகுதி. அவை யாவும் ஒருங்கே தளர்வதில்லை. விரைந்து கணித்தல், இரண்டு செயல்களை ஒரே காலத்தில் நோக்குதல், நேற்று நிகழ்ந்ததை நினைவுகூர்தல், பெயர்களை உடனே எடுத்தல் ஆகியன முன்னரே மெலிகின்றன. சொல்வளம், நெடுநாட் பழகிய தொழில், உலகறிவு, இளமையிற் கற்ற பாட்டு ஆகியன நெடிது நிற்கின்றன. காலையில் உண்டது இட்டிலியா தோசையா எனத் தடுமாறும் என் கொள்ளுப்பாட்டியார், சிறுமியாயிருந்தபோது கற்ற கீர்த்தனைகளை ஓரடியும் பிறழாது முற்றும் பாடுவர். தொண்ணூறு கடந்தபின் நின்றவையும் சராசரியில் தளர்வது உண்மையே. ஆனால் அப்பருவத்தில் ஒருவர்க்கொருவர் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

கல்மான் அம்மையாரை அவர்தம் 118-ஆம் வயதில் உளநூல் வல்லுநர் சோதித்தனர். கண்ணும் செவியும் பெரிதும் குன்றியிருந்தமையால் அவற்றிற்கேற்ப வினாக்களை அமைத்தனர். அவர் காட்டிய நினைவும் மொழித்திறமும், ஒத்த கல்வியுடைய எண்பது தொண்ணூறு வயதினர் திறத்தோடு ஒப்ப இருந்தன.

தொலைவிற் செல்லவேண்டா. நம் குரோம்பேட்டையில் வாழ்ந்த என். சங்கரய்யா அவர்கள் 1922-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவராயிருந்து, 1941-இல் இறுதித் தேர்வு நெருங்கிய வேளையிற் சிறைப்பட்டுப் பட்டம் பெறாதே வெளிவந்தவர். அவர் நூறாவது ஆண்டில் அடியிட்ட 2021-இல் தமிழ்நாட்டு அரசினர் முதல் 'தகைசால் தமிழர்' விருதை அவர்க்கு அறிவித்தனர். விருதை ஏற்று, அதனொடு வந்த பத்து இலக்க ரூபாயைக் கொரோனா நிவாரணத்திற்கென முதலமைச்சர் நிதிக்கே வழங்குவதாக அவர் தெரிவித்தார். 2023 நவம்பர் 15-இல் மறைந்தார். அவர்தம் அரசியலை ஏற்பாரும் மறுப்பாரும் இருக்கலாம். நாம் ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றே: நூற்றாண்டின் வாயிலில் நின்ற ஒருவர், தம் பொருள் எதற்குப் பயன்பட வேண்டும் எனத் தாமே முடிவு செய்தார். அங்ஙனம் முடிவு செய்தற்குரிய ஒருவராக அவரைச் சுற்றத்தார் மதித்தனர். தொண்ணூறு கடந்த எத்துணைப் பேர்க்கு நாம் அவ்வாய்ப்பை அளிக்கின்றோம்?

மூளை காட்டும் சான்று

நெதர்லாந்து நாட்டு ஹென்ட்ரிக்யே வான் ஆண்டல்-ஸ்கிப்பர் என்னும் அம்மையார் 1890-இற் குறைமாதக் குழந்தையாய்ப் பிறந்தவர். 82-ஆம் வயதில் தம் உடலை மருத்துவ ஆராய்ச்சிக்கென எழுதிக்கொடுத்தார். நூறு கடந்தபின், "இத்துணை முதிர்ந்த உடல் இனி உங்கட்குப் பயன்படுமா?" என்று தாமே பல்கலைக்கழகத்தாரை வினவினார். அவர்கள் வந்து 112, 113 ஆகிய வயதுகளில் அவரைச் சோதித்தபோது, அறுபது முதல் எழுபத்தைந்து வயதுடையோரின் சராசரியினும் அவர் திறம் மேம்பட்டிருந்தது. 2005-இல் 115-ஆம் வயதில் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்தோர் அல்சைமர் நோயின் சிதைவுகளை ஏறத்தாழக் காணவில்லை. மூளைச் சிதைவு முதுமையின் தவிர்க்கவொண்ணா முடிவன்று என்பதற்கு இது சான்றாயிற்று.

மற்றொரு சான்று கன்னியர் மடங்களினின்றும் வந்தது. டேவிட் ஸ்நோடன் என்பார் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியில், அமெரிக்காவில் வாழ்ந்த 678 கத்தோலிக்கக் கன்னியர் கலந்துகொண்டனர். ஆண்டுதோறும் சோதனைக்கு இசைந்ததோடு, இறந்தபின் தம் மூளையையும் அளித்தனர். அவருள் மேரி என்னும் சகோதரி நூற்றொன்று கடந்தும் சோதனைகளிற் சிறந்து விளங்கினார். அவர் மூளையிலோ அல்சைமர் நோயின் அடையாளங்கள் மிகுந்திருந்தன. ஆகவே நோயின் அடையாளம் இருந்தும் அறிவு நிற்றல் கூடும். இதனை அறிஞர் 'அறிவுச் சேமிப்பு' என்பர்.

அவ்வாராய்ச்சியில் நம் போன்றார்க்குரிய செய்தியொன்றும் உண்டு. அக்கன்னியர் மடம் புகுந்த காலத்தில், ஏறத்தாழ 22 வயதில், தம் வரலாற்றைச் சுருக்கி எழுதியிருந்தனர். அவ்வெழுத்துக்களில் கருத்துச் செறிவு மிக்கவற்றை எழுதியோர், அறுபதாண்டு கழிந்தபின் அறிவுச் சோதனைகளில் மேம்பட்டுக் காணப்பட்டனர். இளமை எழுத்து முதுமை அறிவைக் காத்தது என்று இதனாற் கொள்ளலாகாது. இரண்டிற்கும் பொதுவான காரணம் பிறிது இருக்கலாம். ஆயினும் இளமையிற் பெறும் கல்வி பிற்கால மறதிநோய்க்கு ஓர் அரண் என்பது வேறு ஆராய்ச்சிகளாலும் தெரிகின்றது.

மூப்பு வேறு, நோய் வேறு

இனி எம் இல்லத்து நிகழ்ச்சிக்கு வருவாம். ஆடுகளைக் கட்டுமாறு பணித்த அன்றைக்கு முந்தைய வாரம் வரை என் கொள்ளுப்பாட்டியார் செய்தித்தாளின் தலைப்புக்களை எழுத்துக்கூட்டிப் படித்தவர். ஒரே நாளில் அறிவு கலங்கியது ஏன் என எவரும் வினவவில்லை. இரண்டு நாட் கழித்து, செவிலியராய்ப் பணியாற்றி ஓய்வுபெற்ற அண்டை வீட்டு அக்கா ஒருவர் வந்து பார்த்து, "எப்பொழுதிலிருந்து இப்படி? எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள்?" என்று வினவினார். அவ்விரண்டு வினாவிற்கும் எம்மிடம் விடையில்லை. அவர் கூறியபடி மருத்துவரிடம் சென்றபோது, சிறுநீர்த் தொற்றும் உடல் வறட்சியும் எனக் கண்டனர். மருந்தும் நீரும் செலுத்தியபின் ஐந்தாம் நாள் அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்து, "ஏன் இப்படி இளைத்துவிட்டாய்?" என்றார்.

மருத்துவர் இதனைத் திடீர் மனக்குழப்பம் என்பர். மறதிநோய் திங்கள் பலவாக, ஆண்டு பலவாக மெல்ல வளர்வது. மனக்குழப்பமோ சில மணி நேரத்தில் அல்லது சில நாளில் தோன்றி, காலையிற் குறைந்து மாலையில் மிகுவது. தொற்று, நீர்க்குறை, குருதியில் உப்பின் அளவு தாழ்தல், மலச்சிக்கல், புதிய மருந்து, அறுவை, தாங்கொணா வலி ஆகியன இதன் காரணங்கள். முதியோர்க்குத் தொற்றில் காய்ச்சலும் தோன்றாதிருக்கலாம். குழப்பமே முதல் அறிகுறியாகலாம். இது வீட்டிற் பொறுத்திருந்து பார்த்தற்குரியதன்று. உடனே மருத்துவம் வேண்டுவது. தாமதித்தால் உயிர்க்கே ஊறாகும். பிழைத்தாலும் முன்னைத் தெளிவு முற்றும் மீளாமற் போகலாம். என் கொள்ளுப்பாட்டியார் இப்பொழுது செய்தித்தாள் கேட்பதில்லை. நாங்கள் இழந்த அவ்விரண்டு நாட்களே அதற்குக் காரணமோ என்னும் எண்ணம் எம்மை விட்டு நீங்கவில்லை.

மெல்ல வருவனவற்றிலும் திருத்தக்கன பல. செவி கேளாதவர் வினாவிற்குப் பொருந்தா விடை கூறுவர். நாம் அதனை மறதி என்போம். காதிற் குறும்பி அடைத்திருப்பினும் அவ்வாறே. தைராய்டுச் சுரப்புக் குறையும், பி12 வைட்டமின் குறையும், மனச்சோர்வும் மறதிபோலத் தோன்றும். இவையெல்லாம் கண்டறிந்து மருந்தளிக்கத்தக்கவை. உண்மையான மறதிநோயும் உண்டு. இந்தியாவில் அறுபது கடந்தாருள் அந்நோயுற்றோர் 7.4 விழுக்காடு என 2023-இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. வயது ஏற ஏற அவ்விகிதம் விரைந்து உயர்கின்றது. அதுவும் ஒரு நோயே. முதியவரின் பிடிவாதமோ தீக்குணமோ அன்று. கல்விக் குறை, கேள்விக் குறை, பார்வைக் குறை, மிகு குருதியழுத்தம், நீரிழிவு, புகை, உடலுழைப்பின்மை, தனிமை முதலிய பதினான்கு காரணங்களைத் தவிர்த்தால் உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என லான்செட் ஏட்டின் ஆய்வுக்குழுவினர் 2024-இல் எழுதினர்.

முடிவுரை

முதியோர்க்கெனத் தனி மருத்துவம் நம் நகர்க்குப் புதிதன்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இல் டாக்டர் வி. எஸ். நடராஜன் அவர்கள் முயற்சியால் முதியோர் மருத்துவப் பிரிவு தோன்றியது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்கு மேற்பட்டப் படிப்பும் தொடங்கிற்று. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. தாம்பரத்தினின்றும் மின்தொடரில் அரைமணி நேரப் பயணமே. எனினும் மருத்துவமனைக்குச் செல்லுமுன், 'இது மூப்பன்று, நோயாக இருக்கலாம்' என்னும் ஐயம் வீட்டிற் பிறக்கவேண்டும். அவ்வையம் பிறவாதபோது கிண்டியும் தொலைவே.

யாண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாதென வினவப்பட்ட பிசிராந்தையார், மருந்தையோ காயகற்பத்தையோ கூறவில்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், கருத்தறிந்து நடக்கும் ஏவலர், அல்லது செய்யாத வேந்தன், ஊரில் நிறைந்த சான்றோர் எனத் தம்மைச் சூழ்ந்தாரையே கூறினார். நரைக்கும் அதற்கும் உள்ள தொடர்பை அறிவியலார் ஏற்பரோ மாட்டாரோ. தனிமை அறிவைத் தேய்க்கும் என்பதை இன்று ஏற்கின்றனர். ஒரு முதியவரின் அறிவு அவர் தலைக்குள் மட்டும் இல்லை. அவரோடு பேசுவாரிடத்தும் இருக்கின்றது.

ஆதலின் மாணவ நண்பர்களே, இவ்விடுமுறையில் நும் வீட்டு முதியவர் எதிரே, வெளிச்சம் நும் முகத்திற் படுமாறு அமர்ந்து, உரக்கக் கத்தாது, மெல்லத் தெளிவாகப் பேசிப் பாருங்கள். விடை வரும் வரை பொறுத்திருங்கள். அவர் நேற்று எவ்வாறு இருந்தார் என்பதை அறிந்து வைத்திருங்கள். என்றேனும் ஒருநாள் மருத்துவர் அதனை வினவுவார். அன்று யாம் விடையின்றி நின்றது போல நீவிர் நிற்றல் வேண்டா.